காலே ஜூம்!

பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காமல் லென்ஸ் வாங்கலாமா? வாங்கிவிட்டேனே! 2015-ல் வந்த கேனான் 50 மி.மீ., எஃப் 1.8. செகண்ட் ஹேண்ட்.

நேரே தஞ்சாவூர் பெரிய கோயில். என் கேமராவில் சென்சார் சின்னது; 1.6-ஆல் பெருக்கணும். ஐம்பது, எண்பதாகிவிடுகிறது! நந்தி பக்கத்தில் நின்றால் 216 அடி விமானத்தில் பாதிதான் தெரிகிறது. ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். பின்னாலேயே நடந்து ஒரு மாமியின் காலை மிதித்து, வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ராத்திரி திருவையாறு பக்கம் எங்கள் கிராமத்தில் கரண்ட் கட். திண்ணையில் அரிக்கேன் விளக்கோடு அப்பா. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஃப்ளாஷ் என்றாலே எழுந்து போய்விடுவார். இந்த லென்ஸுக்கு ஃப்ளாஷ் வேண்டாம், எஃப் 5.6-ஐவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

முதல் படத்தில் மூக்கு பளிச், கண் மங்கல். முழுசாகத் திறந்தால் வருகிற வினை. எஃப் 2.8-க்கு இறக்கி, கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பா மாதிரியே இருக்கேன்டா!"

தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

விமானம் என்னாச்சு என்கிறீர்களா? அதை செல்போனில் எடுத்தேன், சார்!