கியர்பாக்ஸ் குற்றவாளியா?

ஒரு கேள்வி பாஸ். அரியர் விழுந்த பையனைப் பார்த்ததும் வீட்டில் முதல் டயலாக் என்னவா இருக்கும்? 'எல்லாம் அந்த செல்போனால வந்தது!' விசாரணையே கிடையாது. நேரா தீர்ப்புதான்.

ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் இதே கதிதான். மிதிச்சா வண்டி இழுக்கலையா? 'கியர்பாக்ஸ் போச்சு'ன்னு தீர்ப்பு ரெடியா இருக்கும். அதிலும் டர்போ வண்டின்னா கூட ஒரு வரி சேரும்... 'டர்போவும் போயிருக்கும்!'

எங்க ஊர் திருப்பூர். அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் கம்பெனி விடுற நேரத்துக்கு வந்து பாருங்க, ஆட்டோமேட்டிக் காரை ஏன் தேடி வாங்கறாங்கன்னு புரியும். கிளட்ச் மிதிச்சு மிதிச்சே இடது கால் ஓய்ஞ்சு போயிடும். எங்க மாமாவும் அப்படித்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ டீசல் ஆட்டோமேட்டிக் வாங்கினார். ஜாப் ஒர்க் எடுத்து பனியன் தைச்சுக் கொடுக்கிற சின்ன யூனிட் அவருக்கு. சாம்பிள் பீஸ், நூல் கோன், வீட்டு ஆட்கள்னு எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டிதான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் தாராபுரம் ரோட்டில் போயிட்டிருந்தோம். முன்னாடி தூத்துக்குடி போற கன்டெய்னர் லாரி. எதிரே ரோடு காலி. மாமா வலதுபக்கம் ஏறி மிதிச்சார். வண்டி போகலை! முக்கி முனகி லாரியின் பாதி நீளத்தைத் தாண்டறதுக்குள்ள எதிரே பஸ் வெளிச்சம். பிரேக் பிடிச்சு மறுபடி லாரிக்குப் பின்னாடி ஒதுங்கினோம். அஞ்சு நிமிஷம் காருக்குள்ள யாரும் பேசலை. பிக்-அப் குறையறது 'மைலேஜ் கொஞ்சம் கம்மி' மாதிரி சாதா மேட்டர் இல்லைங்க. ஓவர்டேக் பண்றப்ப அது உயிர் மேட்டர்.

அடுத்த நாள் காட்டின ஒர்க்‌ஷாப்பில் சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, 'கியர்பாக்ஸை இறக்கணும், ஒன்றரை லட்சம் ஆகும்'னு சொல்லிட்டாங்க. அந்த மாசம்தான் மாமா பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். அவளுக்குத் தெரியாம, 'ஃபீஸுக்கு வெச்ச பணத்தை இதுல போட்டுக்கலாமா, இல்ல வந்த விலைக்கு வண்டியைத் தள்ளி உட்றலாமா கண்ணு?'ன்னு எங்கிட்ட மெதுவா கேட்டார். 'ரெண்டு நாள் பொறுங்க மாமா'ன்னு மட்டும் சொன்னேன்.

எங்க தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். வண்டியைத் தொடறதுக்கு முன்னாடியே அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

'மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளு என்னங்க பண்ணுச்சு?'

இந்த ஒரு கேள்வி வழக்கை ரெண்டாப் பிரிச்சுடும். முள்ளு சரசரன்னு ஏறுது, ஆனா வண்டி வேகம் ஏறலைன்னா, என்ஜின் உழைக்குது, உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேரலை. அதாவது கியர்பாக்ஸ் வழுக்குது. (சி.வி.டி. வகை கியர்பாக்ஸில் முள்ளு முதல்ல ஏறி, வேகம் பின்னாடி வர்றது ஓரளவு சகஜம். அதைப் பார்த்து பயப்படாதீங்க.) முள்ளும் ஏற மாட்டேங்குது, வண்டியும் ஏற மாட்டேங்குதுன்னா, என்ஜினுக்கே தெம்பு இல்லை. காத்து, டீசல், டர்போ... சந்தேகம் அந்தப் பக்கம் போகணும்.

எங்க வண்டியில் முள்ளும் சோம்பேறியாத்தான் ஏறுச்சு.

அப்புறம் ஸ்கேனரை மாட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் சொருகுற சின்னக் கருவி. பி0299னு ஒரு கோடு வந்துச்சு. 'டர்போ கொடுக்க வேண்டிய அழுத்தம் வரலை'ன்னு அர்த்தம். கவனிங்க, 'டர்போ செத்துப்போச்சு'ன்னு அர்த்தம் இல்லை! கோடு காட்டறது நோயின் அறிகுறியை. நோயை நாமதான் கண்டுபிடிக்கணும்.

டர்போ பண்றது இதுதான். வெளியே போற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். நடுவில் இன்டர்கூலர், அதுக்குப் போக வர ரப்பர் ஹோஸ். அந்த வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும், அமுக்கின காத்து வெளியேதான் போகும்.

அண்ணன் அடியில் படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். ஒரு ஹோஸின் மடிப்பில் மட்டும் கறுப்பா மீசை மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. வேறென்ன, நம்ம ஊர் பஞ்சு! கசியற காத்தோட லேசா வர்ற எண்ணெய்ப் பசையில், ரோட்டுத் தூசியும் பனியன் பஞ்சும் சேர்ந்து ஒட்டியிருக்கு. துடைச்சுப் பார்த்தா விரல் நீளத்துக்குக் கீறல். ஐடிலில் மூடிக்கும், மிதிச்சா அழுத்தத்தில் திறந்துக்கும். அதனாலதான் நிறுத்தி வெச்சுப் பார்த்தப்ப யார் காதுக்கும் எதுவும் கேட்கலை.

ஹோஸும் கிளாம்ப்பும் மாத்தி, கோடை அழிச்சு, ஓட்டிப் பார்த்தோம். வண்டி பழையபடி சீறுச்சு. செலவு சில ஆயிரத்தில் முடிஞ்சது. ஃபீஸ் பணத்தை யாரும் தொடலை.

அப்போ கியர்பாக்ஸ் மேல ஏன் பழி? என்ஜினில் பலம் இல்லைன்னா, ஆட்டோமேட்டிக் தவிச்சுப்போய் கியரைக் குறைக்கும், ஏத்தும், மறுபடி குறைக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியறது அந்தத் தவிப்பு மட்டும்தான். அழுதவன் மேலேயே கேஸ்!

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்லை. உலகத்தின் முதல் டர்போ கார்களில் ஒண்ணு, 1962ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். என்ஜின் 'நாக்' ஆகாம இருக்க, வாலை வடிச்ச தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அதுக்குத் தனி டேங்கில் ஊத்தணும். பேரே 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'! அது தீர்ந்துபோனா டர்போ அழுத்தத்தை வண்டி தானே குறைச்சுக்கும். நிறைய பேர் ஊத்த மறந்தாங்க, 'வண்டி இழுக்கலை'ன்னாங்க. கடைசியில் 1965ல் டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டித் தர கம்பெனியே முன்வந்தது. காலி டேங்குக்கு டர்போ தண்டனை அனுபவிச்சது!

உங்க வீட்டு வண்டி மந்தமானா, பணத்தை எண்றதுக்கு முன்னாடி இந்த வரிசையில் போங்க. டயர் காத்து சரியா? ஓட்டி நிறுத்தினதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகமா சூடா இருக்கா? அப்போ பிரேக் பிடிச்சுட்டே ஓடுது. (தொட்டுப் பார்க்காதீங்க, கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.) ஏர் ஃபில்டர் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கா? கம்பெனி கம்ப்ரசர் காத்தை அதில் ஃபுல் ஸ்பீடில் அடிக்காதீங்க, காகிதம் கிழிஞ்சுடும். ஹோஸ்களில் எண்ணெய்ப் பசை இருக்கா? அப்புறம் ஸ்கேனர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலா இருந்தா, டவுனுக்குள்ளேயே ஓட்டி ஓட்டி புகை ஃபில்டர் அடைச்சிருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. கியர்பாக்ஸ் ஆயில் கருகின வாடை அடிச்சு, ஆர்.பி.எம். மட்டும் தனியா ஏறினா, கியர்பாக்ஸ் மேல சந்தேகப்படலாம். அப்போ வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீங்க.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தா மெஷின் நின்னு, அந்த இடத்து லைட் எரியும். ஆபரேட்டர் முடிச்சுப் போட்டுட்டு ஓட்டுவார். மெஷினை மாத்த மாட்டார்.

அடுத்த தடவை யாராவது 'மொத்தமா இறக்கணும்'னு சொன்னா, பணிவா ரெண்டே கேள்வி கேளுங்க. 'முள்ளு ஏறுச்சாங்க? கோடு என்னங்க வந்துச்சு?' பதில் வர்ற வரைக்கும் பர்ஸைத் திறக்காதீங்க பாஸ்!