தைராய்டு மாத்திரையும் தள்ளிப்போன காபியும்

கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே எனக்கு தைராய்டு கம்மி. தினம் 50 மைக்ரோகிராம்ல குட்டியூண்டு மாத்திரை ஒண்ணு. யாரும் அதைக் கண்டுக்கிட்டதில்லை. மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதும்தான் வீட்டுல அது பேச்சாச்சு.

"வாயும் வயிறுமா இருக்கறப்ப மாத்திரை ஆகாதும்மா, நிறுத்திடு." இது அத்தை. அக்கறைதான், குறை சொல்ல முடியாது. டாக்டரம்மா சொன்னதோ நேர்மாறு. நிறுத்தக்கூடாது, அளவை ஏத்தணும்! குழந்தையோட தைராய்டு சுரப்பி 12 வாரம் வாக்குலதான் மெதுவா வேலையை ஆரம்பிக்குமாம். பாதி கர்ப்பம் தாண்டற வரைக்கும் அதோட மூளை வளர்றதுக்கு அம்மாவோட ஹார்மோன்தான் பெரும் துணை. என் சுரப்பி எனக்கே ஒழுங்கா உழைக்கலை, ரெண்டு பேருக்கு எங்கேர்ந்து உழைக்கும்?

"இது நம்ம உடம்பு செய்ய வேண்டிய அதே தைராக்ஸின்தான் அத்தை, அது செய்யாததால வெளியிலேர்ந்து குடுக்கறோம்"னேன். "அப்ப சரி, போட்டுக்கோ"ன்னுட்டாங்க. அவ்ளோதான் சண்டை :-)

முதல் டெஸ்ட்ல டி.எஸ்.ஹெச் 4.8. அதை 2.5-க்குக் கீழ கொண்டு வரணும்னு டோஸை 75 ஆக்கினாங்க. பாதி கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒருக்கா ரத்தப் பரிசோதனை. டோஸ் ஏறினா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தமில்லைங்க, கர்ப்பத்துல தேவையே கூடும். (என் அளவு எனக்கு. உங்களுக்கு உங்க டாக்டர்தான் சொல்லணும்.)

நிஜமான கஷ்டம் நேரம் பார்க்கறதுலதான். வெறும் வயித்துல மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது. ரங்கமணி எதிர்ல உக்காந்து ஆத்தி ஆத்திக் குடிப்பார், கிராதகர்! இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும், இல்லைன்னா தைராக்ஸின் உடம்புல சரியா ஒட்டாது. அதனால இரும்பு மத்தியானம், கால்சியம் சாயங்காலம்னு பிரிச்சாச்சு. இதுக்கு நடுவுல மசக்கை வேற. அஞ்சரை மணிக்குப் போட்டது பத்து நிமிஷத்துல வெளிய வந்துடும். நாலு நாள் பார்த்துட்டு டாக்டரம்மா ராத்திரிக்கு மாத்தினாங்க. சாயங்கால கால்சியத்தைக் காலைக்குத் தள்ளிட்டு, ஏழு மணிக்கே சாப்பிட்டு, பத்தரைக்கு மாத்திரை. காபி காலையில திரும்பக் கிடைச்சது!

அடுத்த டெஸ்ட்ல 2.1. அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்.

பிரசவம் முடிஞ்சதும் பழைய 50-க்கே இறக்கிட்டாங்க, ஆறு வாரத்துல மறு டெஸ்ட். பாப்பாவுக்கு மூணாம் நாள் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்து தைராய்டு பார்த்தாங்க. அவ அழுததைவிட அத்தை அழுததுதான் ஜாஸ்தி. ரிசல்ட் நார்மல்.