கண்ணாடித் தொட்டிக்குள் துறவி நண்டுகள்: சேவுகம்பட்டியில் நேரில் பார்த்தபோது

வத்தலக்குண்டு பக்கம், பட்டிவீரன்பட்டிக்கு அருகில் இருக்கிறது சேவுகம்பட்டி. தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறை விடுகிற ஊர் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மேற்கே கொடைக்கானல் மலை. பார்க்கும் இடமெல்லாம் தென்னந்தோப்பு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரையைத் தாண்டி ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டுகளை வளர்க்கிறார்கள், அவை மூன்றாவது வருஷமாக உயிரோடும் இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னார். வாங்கிய சில வாரங்களிலேயே செத்துப்போன நண்டுகளின் கதைகளைத்தான் அதுவரை கேட்டிருந்தேன். அதனால் உடனே கிளம்பிவிட்டேன்.

தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அது. வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து, "உள்ள வாங்கண்ணே, பாப்பாதான் எல்லாம் பாத்துக்குது" என்று கூட்டிப்போனார். 'பாப்பா' பிளஸ் ஒன் படிக்கிற பெண். வடக்குப் பார்த்த பின்கட்டு அறையில், வெயில் படாத சுவரோரமாக மூன்றடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று. மேலே கண்ணாடியே மூடி. தொட்டியின் பாதி உயரத்துக்கு மணல் நிரம்பியிருந்தது. அதன்மேல் ஒரு மரக்கட்டை, தென்னைப் பாளை, இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள், ஏழெட்டுக் காலிச் சங்குகள். நண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"பகல்ல வெளிய வராதுங்க சார். இருட்டட்டும்" என்றாள்.

இருட்டும்வரை மணலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்தப் பிராணியை வளர்ப்பதில் முக்கால் பங்கு மணல்தான் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. நன்றாகக் கழுவிய மணல் ஐந்து பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. பக்கத்து அய்யம்பாளையத்தின் நெட்டைத் தென்னைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேர் உண்டு. அவள் ஒரு கை மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னாள். விரலைத் திறந்தபோது பிடி கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டவில்லை, உதிரவும் இல்லை. அடுத்து தொட்டி மணலில் விரலை விட்டு எடுத்துக் காட்டினாள். துளை சரியாமல் நின்றது. நண்டு உள்ளே போய்க் குகை தோண்டினால் அதுவும் சரியக்கூடாது, அதற்காகத்தான் இந்தப் பக்குவம்.

ஆழம் எட்டு அங்குலத்துக்கு மேல் இருந்தது. பெரிய நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது மணல் வேண்டும். சின்ன நண்டாக இருந்தாலும் ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. காரணம், தோலுரிப்பு. எல்லா நண்டுகளையும்போல இதுவும் வளர வேண்டுமென்றால் மேல் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய உடம்பு சில நாட்களுக்கு மிருதுவாக இருக்கும், அப்போது எறும்புகூட அதைக் கொன்றுவிடும். அதனால் ஈர மணலுக்குள் ஆழமாகப் போய் வாரக்கணக்கில், பெரிய நண்டென்றால் மாதக்கணக்கில் கிடக்கும். உரித்த தோலை அங்கேயே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தை மறுபடி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஒடிந்துபோன காலும் அடுத்தடுத்த உரிப்பில் முளைத்துவிடும்.

"நாலுல ரெண்டு இப்ப கீழதான் இருக்கு. ஒண்ணு போயி ஒன்றரை மாசம் ஆச்சு" என்றாள். செத்துப் போயிருக்குமோ என்று தோன்றாதா என்று கேட்டேன். "தோணும் சார். ஆனா தோண்டக் கூடாது. செத்தா அழுகின மீன் வாடை அடிக்கும். வாடை இல்லைன்னா இருக்குன்னு அர்த்தம்."

வளர்ப்பவர்கள் பலர் பொறுமை இழந்து கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். நண்டைக் காணோமே என்று தோண்டி எடுத்து, பாதித் தோலுரித்த நிலையில் வெளிக்காற்றில் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். இந்த வயதுப் பெண் ஒன்றரை மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தொட்டியின் உட்புறம் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒட்டியிருந்தது. வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 82 சதவீதம். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டால் கடற்கரையின் சாயங்காலக் காற்று பட்டது. துறவி நண்டுக்கு நுரையீரல் கிடையாது. நிலத்தில் வாழப் பழகிய செவுள்தான், அது எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். ஈரப்பதம் 70-க்குக் கீழே இறங்கி அப்படியே இருந்தால் நண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறும். சத்தம் போடாது, துடிக்காது. சோர்ந்து கிடக்கும், பிறகு ஒருநாள் சங்கைவிட்டு வெளியே விழுந்து கிடக்கும். கடைகளில் கம்பிக் கூண்டிலும், கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலும் வைத்து, ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் போட்டால் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். திண்டுக்கல் சமவெளியின் பங்குனி, சித்திரைக் காற்றில் அந்த டப்பாவுக்குள் அது எத்தனை நாள் தாங்கும்? இந்த வீட்டில் வெயில் காலத்தில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போடுகிறார்கள். கண்ணாடி மூடி இருப்பதால் கரண்ட் போனாலும் ஈரம் போவதில்லை. மோட்டார், ஹீட்டர் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து குளிர் இறங்குகிற மார்கழி இரவுகளில் மட்டும் தொட்டிமேல் போர்வை போடுவார்களாம்.

இரண்டு கிண்ணங்களில் ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று கடல் நீர். இரண்டும் வேண்டும். நண்டு இரண்டிலும் இறங்கி, சங்குக்குள் தண்ணீரை எடுத்துக்கொண்டு, தன் உடம்புக்குத் தேவையான உப்பின் அளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. நல்ல தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, பிளீச்சிங் பவுடரின் குளோரின் செவுளைப் புண்ணாக்கும். அவள் அகலப் பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்து, பிறகு மீன் தொட்டிக்கு வாங்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தையும் விடுகிறாள்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் மகளோடு சண்டை போட்டிருக்கிறார். "தூத்துக்குடி உப்பு கடல்ல இருந்துதானே வருது, அதைக் கரைச்சு ஊத்தும்மான்னேன்." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். கடல் நீரில் இருக்கும் மக்னீசியத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும். கைக்கு வரும் கல்லுப்பு ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. அதனால் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கென்றே விற்கும் உப்புக் கலவையை மதுரையிலிருந்து வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்கிறாள். கிண்ணத்துக்குள் கூழாங்கற்களைப் படி மாதிரி அடுக்கியிருந்தாள். தண்ணீரில் இறங்கின நண்டு ஏறிவர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். கடலில் பிறந்தாலும், வளர்ந்த பிறகு இதற்குக் கடலுக்குள் வாழ முடியாது.

ஏழு மணிக்கு மேல் தென்னைப் பாளைக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. முதலில் இரண்டு மெல்லிய உணர்கொம்புகள், அடுத்து நீட்டிய காம்பில் கண்கள், கடைசியில் ஊதா படிந்த பெரிய இடக்கை. ஆபத்தென்றால் சங்கின் வாயை அந்தக் கையால்தான் கதவு போட்டு அடைத்துக்கொள்ளும். கையின் வெளிப்புறத்தில் தையல் போட்டதுபோல் சாய்வான வரிகள் இருந்தன. நம் கடலோரத்திலும் உள்ள கோனோபிடா ரூகோசஸ் என்ற இனத்துக்கு அது அடையாளம்.

இரவுச் சாப்பாடாக இரண்டு துண்டு வாழைப்பழம், ஒரு கீற்று தேங்காய், கொஞ்சம் முருங்கைக்கீரை, உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி. சுண்ணாம்புச்சத்துக்கு முட்டை ஓட்டுப் பொடியும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டு வாங்கிய கணவாய் ஓடும் தனியாக வைத்திருந்தாள். நண்டு தேங்காய்க்குப் போகும் என்று நினைத்தேன், நேராக வாழைப்பழத்துக்குப் போனது. சிறிய வலக்கையால் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்தது. ஒவ்வொரு கிள்ளும் கடுகளவுதான். தோட்டத்தில் மருந்தடிக்காத பழம் என்று வீட்டுக்காரர் அழுத்திச் சொன்னார். அது அவசியமான விஷயம். நண்டு பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம், பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும். இந்த அறையில் கொசுவத்தி கிடையாது, கொசு லிக்விட் கிடையாது, எறும்புக்குப் போடும் சாக்பீஸ் கிடையாது. மூன்று வருஷமாகக் கொசுவலைக்குள்தான் படுக்கிறார்கள்.

நான் கிளம்ப நினைத்த நேரத்தில்தான் மறக்க முடியாத ஒன்று நடந்தது. சாப்பிட்டு முடித்த நண்டு காலிச் சங்கு ஒன்றிடம் போய் நின்றது. உணர்கொம்பால் வாயைச் சுற்றித் தடவியது. பெரிய கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. சங்கைப் புரட்டி உள்ளே இருந்த மணலைக் கொட்டியது. இரண்டு சங்குகளின் வாயையும் எதிரெதிரே வைத்தது. அடுத்த நொடி, வலப்பக்கம் சுருண்ட, ஓடே இல்லாத இளஞ்சிவப்பு வயிறு பளிச்சென்று தெரிந்தது. அதற்குள் புதுச் சங்குக்குள் போய்விட்டது. கண்ணை இமைத்திருந்தால் தவறவிட்டிருப்பேன். பிறகு வெகுநேரம் பழைய சங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, புதியது சரிப்படுமா என்று அசைந்து அசைந்து பார்த்தது.

இந்த நண்டு சங்கைச் செய்வதில்லை. கடல் நத்தை செத்து விட்டுப்போன சங்கில் குடியேறி, வளர வளர மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கோஸ்டாரிகா கடற்கரையில் இவற்றை ஆராய்ந்த மார்க் லைட்ரே, நில வாழ் துறவி நண்டுகள் சங்கின் உட்புறத்தைத் தேய்த்துக் குடைந்து இலேசாக்குகின்றன என்றும், அப்படிக் குடைந்த சங்குதான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்றும் 2012-இல் எழுதினார். கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கு அதற்கு எவ்வளவு பெரிய சொத்து என்று நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் நாம் பையில் போட்டுக்கொண்டு வரும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் கழிகிறது. கரைக்கு நாம் திருப்பி அனுப்புவதோ பிளாஸ்டிக். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் மட்டும் ஒதுங்கிய பாட்டில்களுக்குள் விழுந்து ஏறிவர முடியாமல் சுமார் 5 லட்சம் துறவி நண்டுகள் செத்திருக்கும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த வீட்டு நண்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். பெண்ணின் முகம் மாறியது. நகரத்துக் கடையொன்றில் மாமா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாராம். சங்கில் கார்ட்டூன் பொம்மை வரைந்து பெயின்ட் அடித்திருந்ததாம். உரிந்த பெயின்ட்டை நண்டு கிள்ளித் தின்பதைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். "அப்ப தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன் சார்."

அவள் சொன்னது சரி. நாய், பூனை, கிளி என்று நாம் வளர்ப்பவற்றோடு இதைச் சேர்க்க முடியாது. பெண் நண்டு முட்டைகளைக் கடலில்தான் விடும். குஞ்சுகள் பல வாரம் அலையில் மிதந்து, உருமாறி, ஒரு சின்னஞ்சிறு சங்கைத் தேடிக்கொண்டு கரையேறும். அமெரிக்காவில் ஆர்வலர்கள் சிலர் பெருமுயற்சி எடுத்துத் தொட்டியிலேயே குஞ்சுகளைக் கரையேற்றியிருக்கிறார்கள். ஆனால் வியாபாரத்துக்குப் போதும் அளவுக்கு யாரும் பெருக்கவில்லை. ஆக, கடையில் இருக்கும் துறவி நண்டு ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்து வரப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட வாழும் உயிர் அது.

நாடுகள் இதை வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிற்றுயிர்களில் இதுவும் உண்டு. ஜப்பானோ 1970-லேயே இதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காக்கிறது. நம் நாட்டில் இதன் பெரிய உறவினரான தென்னை நண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரைப் பிடித்து வந்தாலும் குற்றம்.

சேவுகம்பட்டித் தொட்டியைப் பார்த்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன்: புதிதாக வாங்காதீர்கள். குழந்தை கேட்டாலும், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பாவம் என்று ஆற்றிலோ, ஏதோ ஒரு கடற்கரையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். எந்தக் கரையில் பிடித்தது என்று தெரியாத உயிர் அது, புது இடத்து உயிர்களுக்கு நோயையும் கொண்டுபோகும். அது உங்களோடுதான் இருக்க வேண்டும், வசதியாக இருக்க வேண்டும். கம்பிக் கூண்டை மாற்றிவிட்டு மூடியுள்ள கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். ஈர மணலை ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள். பெயின்ட் அடிக்காத, வட்ட வாயுள்ள சங்குகள் நாலைந்து வையுங்கள். இரண்டு கிண்ணத் தண்ணீர் வையுங்கள். கொசுவத்தியை இன்றே அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் சித்திரை வெயில் வருவதற்கு முன்னால் செய்து முடித்துவிடுங்கள்.