பாம்பு இல்லாத கதை

பெண் நன்றாகப் பாடினால் குயில் என்கிறோம். நன்றாக ஆடினால் மயில். தோகை விரித்து ஆடுவது ஆண் மயில் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிடுகிறது. குயில் சங்கதிதான் பலருக்குத் தெரியாது. சித்திரை மாதத்தில் விடியும் முன்பே மாமரத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறதே ஒரு கூவல், அது கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணும் உள்ள ஆண் குயிலுடையது. பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அது கூவாது. ‘கிக் கிக் கிக்’ என்று கத்திக்கொண்டே கிளைக்குக் கிளை தாவும். வகுப்பில் அதன் படத்தைக் காட்டினால், இது என்ன பறவை டீச்சர் என்றுதான் மாணவிகள் கேட்பார்கள். பெண்ணைக் குயில் என்று இத்தனை காலம் கொண்டாடிய நாம், பெண் குயிலைத் திரும்பிப் பார்க்கவில்லை!

அறிவியலும் இதைத்தான் செய்தது. பாடும் பறவைகளில் ஆண் பாடும், பெண் கேட்டுத் துணையைத் தேர்ந்தெடுக்கும் என்று டார்வின் காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தான் எடுத்துக்கொண்ட பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்று காட்டியது. அவற்றின் மூதாதைப் பறவைகளில் இரு பாலும் பாடியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது. பிறகு ஏன் யார் காதிலும் விழவில்லை? பறவை ஆய்வு பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தது. பெண் பறவைகள் குறைவாகப் பாடும் குளிர்நாடுகள் அவை. தங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கேட்டதை உலக நியதி என்று எழுதிவிட்டார்கள்.

நான் கதை எழுதத் தொடங்கியதற்கு முன்பே பறவை பார்க்கத் தொடங்கியவள். ஏரிக்கரையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயரைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில், அது என்ன செய்கிறது? சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவுகிறது. நத்தையை எடுக்கிறது. கரைக்குக் கொண்டுவந்து ஓட்டிலிருந்து சதையைப் பிரிக்கிறது. அதற்குப் பிறகுதான் ‘நத்தைகுத்தி நாரை’. பெயரை முதலில் எழுதிவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். மயில் உள்ளானை முதன்முதலில் பார்ப்பவர்கள் பளிச்சென்று இருப்பதை ஆண் என்றும் மங்கலாக இருப்பதைப் பெண் என்றும் எழுதிவிடுவது இப்படித்தான். அந்தப் பறவையில் நிறம் பெண்ணுக்கு. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்.

கதாபாத்திரங்களையும் அப்படித்தான் தொடங்குகிறேன். சாதி, தொழில், உடற்குறை, பாலினம் எல்லாம் பிறகு. முதலில் அவள் கைகள் என்ன செய்கின்றன?

ஆனால், மனிதர்கள் பறவைகள் இல்லை. இதைச் சொல்லவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பதிப்பாளர் தோழி ஒருத்திக்காக நான் கைப்பிரதிகள் படித்துக் கொடுப்பதுண்டு. அவற்றில் வரும் இருளர் பெண்கள் எல்லோரும் அக்கா தங்கைகள் போலவே இருக்கிறார்கள். மாலை வெயிலில் வருவாள். கையில் ஏதோ பச்சிலை. கள்ளமில்லாச் சிரிப்பு. பட்டணத்திலிருந்து வந்தவனைப் பாம்புக்கடியிலிருந்து காப்பாற்றுவாள், அல்லது அவளே கடிபட்டுச் சாவாள். இவற்றை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் என்னைப் போல மரம், செடி, பறவை என்று உருகுகிறவர்கள். அங்கேதான் சிக்கல். நிலத்தின்மேல் இருக்கும் காதலில், அந்தப் பெண்ணையும் நிலத்தின் உயிரினங்களில் ஒன்றாக வைத்துவிடுகிறோம். அன்போடுதான் வைக்கிறோம். பைனாகுலர் வழியாகத் தெரியும் அன்பு.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் வாழும் இருளர்களின் கதை காட்டோடு நிற்பதில்லை. பாம்புத்தோல் வியாபாரம் அவர்களுக்கு ஒரு பிழைப்பாக இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அது நின்றது. 1978இல் பாம்பு பிடிப்போருக்கான கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சுதான் நாடு முழுதும் விஷமுறிவு மருந்தாகிறது. 2023இல் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் 1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த நாட்டில், அதற்குப் பிறகும் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். சாதிச் சான்றிதழுக்கு இன்றும் அலைகிறார்கள். பச்சிலை நாயகிகளிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்துக்கு வயல் இருந்தது. அறுவடை முடிந்ததும் எலி பிடிக்க இருளர் குடும்பம் ஒன்று வரும். வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். சோறு கொல்லைப்புறத்தில்தான். வருஷா வருஷம் வந்தவர்களின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வீட்டிலிருந்து வந்தவள்தான் இப்போது இருளர் பெண்ணை நடுவில் வைத்து நாவல் எழுதுகிறேன். எழுதலாமா என்ற கேள்வி எனக்கு வெறும் தத்துவக் கேள்வி இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் இருளர் அக்கா ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ‘வாங்க போங்க’ வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் விடவில்லை. அவரிடமே கேட்டேன்.

“எழுதுங்க டீச்சர். ஆனா பாம்பு இல்லாம எழுதுங்க, பாக்கலாம்” என்று சிரித்தார்.

அறுபது பக்கம் ஓடியிருக்கிறது, இதுவரை ஒரு பாம்புகூட வரவில்லை. என் நாயகிக்குத் தெருநாய் என்றால் பயம். சீட்டுப் பணத்துக்காக மகளிர் குழுத் தலைவியோடு மல்லுக்கு நிற்கிறாள். ராத்திரி சீரியல் தவறவிடமாட்டாள். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கல்லூரியில் சேரச் சான்றிதழ் வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் அதிகாரி கேட்கிறார், “நீ இருளரா? எங்கே, பாம்பு பிடிக்கத் தெரியுமா?” அவளுக்குத் தெரியும். அப்பா கற்றுக் கொடுத்திருக்கிறார். “தெரியாது சார்” என்கிறாள். அங்கே வந்து பதினைந்து நாளாகப் பேனா நிற்கிறது. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் பாதிதான் புரிகிறது.

போன வாரம் அந்த அத்தியாயத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பதிலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

“காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கா. எங்கியாவது உக்கார வைங்க டீச்சர்.”