பழைய வண்டியும் நியாய விலையும்

விலை பேசுதல் நம்மவர்க்குப் புதியதொரு வித்தையன்று. சந்தைக்குச் செல்லும் சிறுவனுக்குத் தாய் கற்பிக்கும் முதற் பாடமே, "சொன்ன விலையிற் பாதியைக் கேள்" என்பதுதான். கடைக்காரரும் இதனை நன்கறிந்து, பாதியாகக் குறைத்தாலும் நட்டம் வராத விலையையே முதலிற் சொல்வார். இருவரும் சிறிது நேரம் வாதாடி, இடையிலே ஓரிடத்திற் சந்திப்பர். கத்தரிக்காய்க்கும் மாம்பழக் கூடைக்கும் இவ்விளையாட்டுப் போதுமானது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிலோ தரகர்கள் துண்டொன்றைக் கையின்மேற் போர்த்து, அதனுள்ளே விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அருகில் நிற்பவர்க்கு யாதொன்றும் விளங்காது. மறைவிலே பேசப்படுவதே சாமர்த்தியமான விலை என்னும் எண்ணம் நம் மனத்திலே எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

புதிய பொருளின் விலை பெரும்பாலும் கடையிலேயே எழுதப்பட்டிருக்கும். பழைய பொருளுக்கோ அவ்வாறு எழுதிய விலை கிடையாது. விற்பவர் தம் நினைவுகளையும் சேர்த்து நிறுக்கிறார். வாங்குபவர் தம் அச்சங்களையும் சேர்த்து நிறுக்கிறார். அப்பொருள் வண்டியாகவும் வீடாகவும் ஒருங்கே இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது. மேலை நாடுகளிலே 'மோட்டோர் ஹோம்' என வழங்கும் வீட்டுவண்டி அத்தகையது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை யாவும் அடங்கிய ஒரு சிறு வீட்டை இயந்திரத்தின்மேல் ஏற்றிவைத்தாற்போல் அது விளங்கும். 1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் மருத்துவர், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே 'வொண்டரர்' என்னும் குதிரை வண்டி வீடொன்றைச் செய்வித்தார். அன்று தொட்டு ஆங்கிலேயர்க்கு இவ்வாசை விட்டபாடில்லை. இன்று அங்கு வாழும் நம்மவரையும் அது பற்றிக்கொண்டுள்ளது.

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே, இலண்டனின் ஹரோப் பகுதியில் வாழும் என் தமக்கையின் இல்லத்திலே தங்கியிருந்தேன். அத்தான் கணக்காளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு காலத்திலே பேரப்பிள்ளைகளுடன் ஸ்கொத்லாந்து மலைநாடு வரை சென்றுவர வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அதற்கெனப் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. புதிய வண்டிக்கு அது போதாது. ஆகவே பழைய வண்டியொன்றைத் தேடினர்.

அத்தானிடம் ஒரு கொப்பி இருந்தது. தாம் விரும்பிய வகை வண்டிகளின் விளம்பரங்களை மூன்று மாதங்களாக அதிலே குறித்து வந்தார். வண்டியின் ஆண்டு, ஓடிய தூரம், கேட்கும் விலை, விளம்பரம் எத்தனை வாரம் நீடித்தது என்பனவெல்லாம் அதிலே பதிவாகியிருந்தன. "கேட்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. ஆறு வாரமாக ஒரே விளம்பரம் நின்றால் அவ்விலைக்கு ஆள் இல்லை என்பது பொருள்" என்று எனக்கு விளக்கினார். வசந்தத்திலும் கோடையிலும் இவ்வண்டிகளுக்குக் கிராக்கி ஏறும். இலையுதிர் காலத்திலே இறங்கும். பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலே வெளிநாட்டுப் பிரயாணங்கள் தடைப்பட்டமையால் பலரும் இவற்றை நாட, விலைகள் வெகுவாக உயர்ந்தன. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரே அவர் விலை பேசப் புறப்பட்டார்.

கென்ற் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலே வண்டி இருந்தது. அத்தான், அவர் மகன், நான் ஆகிய மூவரும் சென்றோம். விற்பவர் எண்பது வயதை அடுத்த ஆங்கிலேயர், மனைவியை இழந்தவர். வண்டி 2014ஆம் ஆண்டிலே முதற் பதிவு பெற்றது. இருபத்து நான்காயிரம் மைல் ஓடியிருந்தது. விலை 36,000 பவுண் என்றார்.

இயந்திரத்தை நாம் வரும்வரை இயக்காது குளிர்ந்த நிலையிலே வைத்திருக்கும்படி அத்தான் முன்னரே கேட்டிருந்தார். சூடேறிய இயந்திரம் தன் நோய்களை மறைக்கும் என்பது அவர் கருத்து. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் முதல்நாளே இயக்கிவைக்குமாறு வேண்டியிருந்தார். வாயுவாலும் மின்சாரத்தாலும் இயங்கும் அவ்வகைப் பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் செல்லும். இரண்டையும் பெரியவர் தவறாது செய்திருந்தார்.

பின்னர் ரயர்களைப் பார்த்தோம். பள்ளங்கள் ஆழமாய், புதியன போலவே தோன்றின. ஆயின், பக்கச் சுவரிலே 0914 என்னும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை 2014ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரத்திலே செய்யப்பட்டன என்பது அதன் பொருள். ஓடாது நின்றாலும் இறப்பர் முதுமை அடைந்தே தீரும்.

வீட்டுவண்டியின் பெரும் பகை இயந்திரக் கோளாறன்று, ஈரமே ஆகும். மெல்லிய தகடுகளுக்கிடையே மரச்சட்டம் வைத்துச் சுவர்கள் அமைந்த வண்டிகள் பல. மூட்டுகளை அடைத்துள்ள பசை காலத்தால் வெடிக்க, மழைநீர் உட்புகுந்து, வெளியே தெரியாமல் மரத்தை உக்கச் செய்துவிடும். ஈரமானி என்னும் சிறு கருவியை அத்தான் கொண்டு சென்றிருந்தார். நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழ் காட்டினால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வண்டி முழுவதும் பதினொன்று, பன்னிரண்டு என்று காட்டிய கருவி, பின்புற இடது மூலையில் மட்டும் இருபத்து நான்கு என்று காட்டியது. பெரியவரின் முகம் வாடியது. அவர் அதனை அறிந்திருக்கவில்லை என்பது நன்கு தெரிந்தது.

அத்தான் வண்டியினுள்ளிருந்த சிறு மேசையிலே அமர்ந்து, ஒரு தாளிலே எழுதலானார். ரயர்கள் நான்குக்கும் 560 பவுண். வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் பற்றரி சோர்ந்திருந்தமையால் 140. இயந்திரத்தின் ரைமிங் பெல்ற் மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லாமையால் 650. ஈரம் புகுந்த மூலையைத் திருத்த, முன்னரே பட்டறையொன்றில் விசாரித்து வைத்திருந்த கணக்கின்படி 1,450. ஆக மொத்தம் 2,800 பவுண். எழுதிய தாளைப் பெரியவர் பக்கம் திருப்பிவைத்து, "நான் கண்டவை இவை. பிழை இருந்தாற் சொல்லுங்கள்" என்றார்.

பெரியவர் கண்ணாடியை அணிந்து, வரி வரியாக வாசித்தார். ரயரையும் பற்றரியையும் ஒப்புக்கொண்டார். ஈரத்தைப் பற்றி ஒன்றும் பேசாது தலையசைத்தார். ரைமிங் பெல்ற் என்னும் வரிக்கு வந்ததும், "இது மாற்றியாயிற்று. பற்றுச்சீட்டுகளை எல்லாம் என் மனைவியே கோவையில் வைத்திருந்தாள், தேடிப் பார்க்கிறேன்" என்று கூறி எழுந்தார். எழுந்தவர் பேச்சுவாக்கிலே வேறு இரண்டு செய்திகளையும் சொல்லிவிட்டார். அம்மாத முடிவிலே வீட்டை விட்டு மகளிடம் செல்ல வேண்டும்; அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. வியாபாரி ஒருவர் 27,000 பவுணுக்கு உடனே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மருமகனின் கண்கள் ஒளிர்ந்தன. தமிழிலே ஏதோ கூற வாயெடுத்தான். அத்தான் கையமர்த்தி, அவனை வெளியே அழைத்துச் சென்றார், நானும் பின்தொடர்ந்தேன். "அவருக்கு விளங்காத மொழியிலே அவர் முன்னால் விலை பேசக்கூடாது. துண்டுக்குள்ளே விரல் பிடிப்பதற்கும் அதற்கும் பேதமில்லை" என்றார்.

"அப்பா, அவரிடம் இரண்டு வாரந்தான் இருக்கிறது. வியாபாரி சொன்னது 27,000. நாங்கள் 28,000 என்று சொன்னாற் போதும். அவருக்கும் ஆயிரம் இலாபம். இதிலே என்ன பிழை?" என்று மருமகன் கேட்டான்.

அக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பொய் சொல்லும்படி அவன் கூறவில்லை. விற்பவரே வாய்திறந்து சொன்ன செய்தியைத்தான் பயன்படுத்தச் சொன்னான். அவசரத்துக்கும் சந்தையிலே ஒரு விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 27,000 சொன்ன வியாபாரியையும் வஞ்சகர் எனல் தகாது. அவர் வண்டியைத் திருத்த வேண்டும். விற்கும்வரை முதலை முடக்க வேண்டும். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வாங்குபவருக்குப் பொருளின் தரத்தைப் பற்றிப் பொறுப்புக் கூறவும் வேண்டும். அச்சுமைகளுக்கெல்லாம் சேர்த்தே அவர் விலையைக் குறைத்தார். நாமோ அச்சுமைகளில் ஒன்றையும் சுமக்கப் போவதில்லை.

அத்தான் இவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "வண்டியிலுள்ள குறைக்கு விலையைக் குறைக்கலாம், அதற்கு நான் கூச்சப்படவில்லை. அந்த மனிதருக்கு வந்த குறைக்கு விலை குறைப்பது எப்படி? அவர் மனைவி இறந்ததனால் வண்டியின் பெறுமதி குறைந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். மருமகன் மறுமொழி கூறவில்லை.

நாம் உள்ளே சென்றபோது பெரியவர் கோவையுடன் காத்திருந்தார். 2022ஆம் ஆண்டின் பற்றுச்சீட்டு அதிலே இருந்தது. அத்தான் பேனாவை எடுத்து 650 என்னும் வரியை வெட்டிவிட்டார். எஞ்சியது 2,150. பின்னர் தம் கொப்பியைத் திறந்து, அவ்வகை வண்டிகள் 33,000 முதல் 37,000 வரை விளம்பரம் செய்யப்படுவதையும், 36,000 கேட்டவை நெடுநாள் நிற்பதையும் காட்டி, "குறையில்லாத வண்டிக்கு 35,000 தகும் என்று எண்ணுகிறேன், அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும்" என்றார். கழித்தால் 32,850. பெரியவர் சிறிது நேரம் யன்னலினூடே கடலைப் பார்த்திருந்துவிட்டு, 33,000 ஆக்கினால் வெயில்மறைப்புத் துணியையும் மின்கம்பிகளையும் வாயுச் சிலிண்டரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். இருவரும் கைகுலுக்கினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இரக்கத்தால் அத்தான் ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கவில்லை. ஈரத்துக்குரிய 1,450 பவுணையும், அம்முதியவர் முகம் வாடியபோதும், கழித்தே தீர்ந்தார். அது அக்கா பல ஆண்டுகள் சேர்த்த பணம். அதனை அள்ளிக் கொடுக்கும் உரிமை அவருக்கில்லை. உதவி செய்ய விரும்பின் அதை வேறாகச் செய்யலாம். விலையினுள்ளே கலந்தால் விலையும் கெடும், உதவியும் கெடும். திருவள்ளுவர் வாணிகத்தின் அறத்தைப் பொருட்பாலிலே கூறாது, அறத்துப்பாலின் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தமை சிந்திக்கத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது அவர் துணிபு. தம் பக்கமும் சாயாது, பிறர் பக்கமும் சாயாது நிற்பதே கோல்.

நடுவுநிலைமை என்றால் எச்சரிக்கையின்மை என்று கொள்ளலாகாது. வண்டியின் பதிவு இலக்கத்தைக் கொண்டு, அதன் வருடாந்தப் பரிசோதனை முடிவுகளையும் ஒவ்வொரு முறையும் பதியப்பட்ட மைல் கணக்கையும் அரசாங்க இணையத்தளத்திலே முன்னரே பார்த்திருந்தோம். கடன் நிலுவை இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டோம். அந்நாட்டுப் பதிவுப் பத்திரம் வண்டியைப் பொறுப்பிலே வைத்திருப்பவர் யார் என்பதையே காட்டும். உரிமையாளர் யார் என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே பெரியவர் வண்டியை வாங்கிய பற்றுச்சீட்டையும் கேட்டுப் பார்த்தோம். வண்டியைப் பதிவிலுள்ள முகவரியிலேயே பார்த்த பின்னரே பணம் வங்கி வழியாகச் சென்றது. குறைகளின் பட்டியலையும் விலையையும் ஒரே தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். தனியாரிடம் வாங்கும்போது, வியாபாரியிடம் வாங்குவோர்க்குள்ள பாதுகாப்புக் கிடையாது. எனவே எழுத்து இன்றியமையாதது.

நம் நாட்டிலே வீட்டுவண்டி வாங்குவோர் அரியர். ஆயின், பழைய வானோ, மோட்டார் சைக்கிளோ, துவிச்சக்கர வண்டியோ வாங்காத குடும்பம் அரிது. 2020ஆம் ஆண்டு பங்குனியிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு மாசியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாம் அனைவரும் அறிவோம். மருத்துவச் செலவுக்காக வண்டியை விற்றவரும், பிழைப்புக்காக எவ்விலைக்கும் வாங்கியவரும் நம் அயலிலேயே இருந்தனர். அவர்களுடைய முட்டுப்பாட்டை மோப்பம் பிடித்து விலை பேசியவரைச் சமர்த்தர் என்று நாம் புகழ்ந்ததும் உண்டு.

மாணவர்களே, நீங்கள் நாளை விலை பேசப் போகிறவர்கள். பொருளை நன்றாக ஆராயுங்கள். கூச்சமின்றிக் குறை சொல்லுங்கள். ஒரு ரூபாயும் வீணாகக் கொடாதீர்கள். அதே வேளையிலே, உங்கள் கணக்குத் தாளை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பிவைக்க முடியுமா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியுமாயின், அதிலே எழுதியிருப்பது நியாயமான விலை. முடியாதாயின், எவ்வளவு மலிவாக வாங்கினாலும், அதிலே ஏதோ ஒன்று பிறருக்குரியது.