10 வருஷம்... 4 குட்டி வீடுகள்... செட்டிநாட்டுத் தூண்கள்! - கொழும்பில் ஓர் அதிசய வீடு

கொழும்பு 3, பகதலே ரோட்டிலிருந்து பிரிகிறது 33-வது லேன். முட்டுச் சந்து. அதன் கடைசியில் வெள்ளைச் சுவர் வைத்த ஒரு வீடு. 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்றுதான் முதலில் தோன்றும். உள்ளே போனால் 1934-ம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று நிற்கிறது! செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டினால், வெள்ளைச் சுவரும் பளபளக்கும் வெள்ளைத் தரையுமாக ஒரு நீளமான நடை. நடையின் முடிவில் மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் சின்னதாக ஒரு நீர்த்தொட்டி, பக்கத்தில் மரத்தூண்கள்.

காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தூண்களை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவை செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள்.

இது ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீடு. 'நம்பர் 11' என்றால்தான் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் பாவா. நமக்கும் அந்நியர் இல்லை. மதுரை கிளப் கட்டடம் அவர் கைவண்ணம்தான். இப்போது அது ஒரு ஹோட்டலின் பகுதியாக இருக்கிறது. சென்னை கன்னிமாரா ஹோட்டலை 1970-களில் புதுப்பித்ததும் அவரே. அவருடைய அலுவலகத்தில் நீண்டகாலம் பங்குதாரராக இருந்தவர் டாக்டர் கே.பூலோகசுந்தரம் என்ற தமிழ் இன்ஜினீயர்.

ஆனால், பாவா முதலில் படித்தது சட்டம். வக்கீலாக இருந்தவர், 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கா என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தன் மனம்போல மாற்ற ஆசை, அதற்கான தொழில் அறிவோ கையில் இல்லை. லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957-ல் ஆர்க்கிடெக்ட் ஆனபோது வயது 38. இந்த வயதில் போய்ப் புதுசாகப் படிப்பதா என்று தயங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

வீட்டுக்குள் வீடு சேர்ந்த கதை

33-வது லேனில் அப்போது வரிசையாக நான்கு சின்ன வீடுகள் இருந்தன. 1958-ல் அவற்றில் மூன்றாவது வீடு பாவாவின் வசமானது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், துளியூண்டு கிச்சன், வேலையாள் தங்க ஓர் அறை. நகரத்துக்கு வந்தால் தங்கிப்போக அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு நான்காவது வீடு காலியானது. அதையும் சேர்த்து, சாப்பாட்டு அறையும் இன்னொரு ஹாலும் ஆக்கினார். மீதி இரண்டு வீடுகளும் வந்து சேர சுமார் பத்து வருஷம் ஆனது. வரிசையில் முதலாவதாக இருந்த வீட்டை மட்டும் இடித்து, அந்த இடத்தில் நான்கு மாடியில் ஒரு கோபுர வீட்டை எழுப்பினார். மொத்தத்தையும் ஒரே மூச்சில் இடித்துத் தள்ளிவிட்டு பிளான் போட்டுக் கட்டியிருந்தால் இந்த வீடு கிடைத்திருக்காது. சுவரைத் திறந்து, கூரையைக் கொஞ்சம் விலக்கி, பழைய சந்தை நடையாக மாற்றி... ஒவ்வொரு வீடு கைக்கு வரும்போதும் முந்தையதைத் திருத்தி எழுதியிருக்கிறார். அதனால்தான் உள்ளே நடக்கிறவர்களுக்கு எந்த இடத்தில் எந்த வீடு முடிந்து எது தொடங்குகிறது என்பது பிடிபடுவதில்லை.

கூரையை விலக்கிய இடங்களெல்லாம் குட்டி முற்றங்கள். வெயிலும் மழையும் அவற்றின் வழியாக வீட்டுக்குள் வருகின்றன. நெருக்கமான மனையில் நான்கு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லாதபோது, மேலே திறப்பதுதான் ஒரே வழி. நம் பாட்டி வீடுகளுக்கு இது புதிதில்லை.

பாவா சேர்த்த கலைப்பொருள்கள் இந்த முற்றங்களைச் சுற்றியும் நடையின் ஓரங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட், 1950-களின் கடைசியில் இலங்கைக்கு வந்து, பாவாவின் அண்ணன் பெவிஸின் தோட்டத்தில் சில வருஷங்கள் தங்கியிருந்தவர். அவர் வரைந்த கதவுகள் இங்கே இருக்கின்றன. ஃபிரேம் போட்டு மாட்டிய ஓவியத்தை யாரும் தொடப்போவதில்லை. கதவு அப்படியா? லக்கி சேனாநாயக்கவின் படைப்புகளும் உண்டு. கண்டலம ஹோட்டல் மாடிப்படியின் மேலே சிறகு விரித்து நிற்கும் பிரமாண்ட ஆந்தையைச் செய்தவர் அவர். இவற்றோடு பழைய கதவு, பழைய தூண், துணி, சிலை. விலை அதிகமானது எது, சும்மா கிடைத்தது எது என்று பிரித்துச் சொல்லும் பெயர்ப்பலகை எதையும் பாவா மாட்டவில்லை.

உடைந்த வீடுகளின் பாகங்கள்மேல் அவருக்கு இருந்த மோகத்துக்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. 1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. கண்ணாடி, இரும்பு போன்றவற்றை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. உள்ளூர் மரம், கல், ஓடு, பழைய வீடுகளில் கழற்றியது... இவற்றை வைத்துத்தான் வேலை நடந்தாக வேண்டும். மதுரை கிளப்பிலும் இதே பாணியில் பழைய கட்டடங்களின் பாகங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தவர்களுக்கு இதன் இன்னொரு பக்கம் தெரியும். நிலைக்கதவு, தூண், எனாமல் பாத்திரம் எனப் பிரித்து விற்கப்படும் பொருள்களுக்குப் பின்னால் எத்தனையோ செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. கொழும்பில் நிற்கும் தூண்களைப் பார்த்துப் பூரிப்பும் வருகிறது, லேசாக வலிக்கவும் செய்கிறது.

எண் போட்டுப் பிரித்த வீடு

பாவாவின் கட்டடங்களுக்கும் அதே கதி வரத்தான் செய்தது. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக, கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் 1960-களின் தொடக்கத்தில் பாவா கட்டிய முற்றம் வைத்த வீடு பெரும்புகழ் பெற்றது. 2009-ல் அந்த மனை கைமாறியதும் வீடு இடிபடும் நிலை வந்தது. மண் விலை ஏறும் நகரத்தில், தாழ்வான ஒரு பழைய வீட்டுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? கடைசியில் வீட்டையே கழற்றினார்கள்! ஓடு, மரம், கல் என ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, லுனுகங்காவுக்கு எடுத்துப் போய் மறுபடி கட்டி முடிக்க 2016 வரை ஆனது. அதைக் கண்ணால் பார்க்க ஈனாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2015-ல் காலமாகிவிட்டார்.

இன்னொரு வீட்டுக்குக் கிடைத்தது வேறு வாழ்க்கை. டாக்டர் ஒருவருக்காக ஆல்ஃபிரட் ஹவுஸ் ரோட்டில் கட்டத் தொடங்கி, பிறகு பாவாவே தன் அலுவலகமாக வைத்துக்கொண்ட வீடு அது. 1998-லிருந்து அது ஓவியக் கண்காட்சி நடக்கும் உணவகம். 'கேலரி கஃபே' என்றால் கொழும்பு ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும்.

நம்பர் 11-ஐ இந்த இரண்டு வழியிலும் விடாமல் காப்பாற்றிவருகிறது ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை. 1982-ல் பாவா இருக்கும்போதே தொடங்கப்பட்டது. 1998-ல் பக்கவாதம் தாக்கிப் படுத்தவர், 2003-ல் மறைந்தார். அவர் வைத்த இடத்திலேயே பொருள்கள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டின் அழகும், இதைப் பராமரிக்கிறவர்களின் தலைவலியும். கடலுக்குப் பக்கத்து ஊர். காகிதத்துக்கும் துணிக்கும் ஈரக்காற்று ஆகாது, மரத்துக்குக் கரையான் ஆகாது. ஏ.சி போட்டு எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பொருள்கள் பிழைக்கும், வீடு போய்விடும். முற்றத்தில் மழை விழுந்தால்தான் அது பாவாவின் வீடு!

கோபுரப் பக்கம் ஏறினால், கீழே இருந்த மங்கலான குளுமை படிப்படியாக விலகி, வெட்டவெளி மொட்டைமாடியில் கொழும்பின் கூரைகள் தெரிகின்றன. சுற்றிலும் உயர்ந்துகொண்டே போகும் அடுக்குமாடிகளும் கண்ணில் படாமல் இல்லை.

கொழும்பு போகிறவர்கள் கவனத்துக்கு: நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது. அறக்கட்டளையிடம் முன்பதிவு செய்தால், குறிப்பிட்ட நேரங்களில் ஆள் கூட வந்து சுற்றிக்காட்டுகிறார்கள். மாடியில் இரவு தங்கவும் வாடகைக்கு விடுகிறார்கள். கேலரி கஃபே அருகிலேயே இருக்கிறது. லுனுகங்காவுக்கும் ஈனாவின் வீட்டுக்கும் தெற்கே பெந்தோட்டை வரை போக வேண்டும், அதற்குத் தனியாக ஒருநாள் ஒதுக்குங்கள்.