தம்பானூரில் ஒரு காப்பி ஹவுஸ்

திருவனந்தபுரத்துக்கு வரும் நம்மவருக்குத் தம்பானூர் புதிய இடம் அன்று. நாகர்கோவில் பஸ் வந்து நிற்பதும் இங்கேதான். 1931ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ரயில் நிலையம் இருப்பதும் இங்கேதான். பத்மநாப சுவாமி தரிசனத்துக்கு வருவோர், வைத்தியத்துக்கு வருவோர், வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏற வருவோர் ஆகிய யாவரும் இவ்விடத்தைக் கடந்தே செல்ல வேண்டும். 1956 நவம்பர் முதல் தேதியன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே ஒழிய, இவ்வழியிலான போக்குவரத்து குறையவில்லை. ஆதலால் தம்பானூரில் தமிழ்க்குரல் கேட்காத வேளையே கிடையாது.

பஸ் நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் ஒரு விசித்திரமான கட்டிடம் உண்டு. உருண்டை வடிவமாய், திருகுபோல் சுழன்று மேலெழும் அதற்கு மாடிப்படியும் இல்லை, தனித்தனித் தளங்களும் இல்லை. ஒரே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே செல்கிறது. வெளிச்சுவரை ஒட்டி, சரிவிலும் சமமாக நிற்கும்படி, மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்பட்டுள்ளன. சுவர் நெடுகிலும் உள்ள துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் தாமே வந்து போகின்றன. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியரோடு இந்தியராய் வாழ்ந்து, 2007இல் இந்நகரத்திலேயே மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டிடக்கலைஞர் வகுத்த அமைப்பு இது. சிக்கனமும் அழகும் பகையல்ல என்பதே அவர் கொள்கை.

இதுவே இந்தியன் காப்பி ஹவுஸ். வெள்ளுடையும், அகன்ற இடைப்பட்டையும், விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பணியாளர் தட்டுகளை ஏந்திச் சரிவில் ஏறி இறங்கும் காட்சியே தனி. கட்லெட்டும் மசால் தோசையும் கேட்டால், பீட்ரூட் கிழங்கு சேர்ந்து சிவந்த மசாலா வரும். முதன்முறை உண்போர் வியப்பர். மறுமுறை வருவோர் அதையே விரும்பிக் கேட்பர்.

ஆனால் இந்த ஸ்தாபனத்தில் நாம் கவனிக்க வேண்டியது காப்பியும் கட்டிடமும் மட்டும் அல்ல. நமக்குப் பரிமாறுபவர் இங்கே கூலியாள் மாத்திரமன்று, பங்குதாரரும் ஆவார். அவ்விதம் ஆன வரலாறு அறியத்தக்கது.

இந்தியக் காப்பிக்கு உள்நாட்டிலேயே விற்பனை தேடும் பொருட்டு 1936இல் பம்பாயில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர் காப்பி போர்டு பல நகரங்களில் இவற்றை நடத்தி வந்தது. 1950களின் நடுவில் போர்டு இவற்றை மூடிவிடத் தீர்மானித்தது. வேலை இழக்கும் நிலையில் நின்ற தொழிலாளருக்கு ஏ. கே. கோபாலன் ஒரு வழி காட்டினார்: வேலை கேட்டு நிற்பதை விட்டு, கடைகளை நீங்களே கூட்டுறவுச் சங்கமாய் ஏற்று நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்டு 19இல் பெங்களூரில் முதல் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் 27இல் டில்லியில் கடை திறந்தது. கேரளத்தின் முதல் கடையை 1958 மார்ச்சு 8இல் திருச்சூரில் கோபாலனே திறந்து வைத்தார். அங்கே முன்னின்று உழைத்த தொழிலாளர் தலைவர் என். எஸ். பரமேஸ்வரன் பிள்ளை பின்னாளில் அவ்வரலாற்றை மலையாளத்தில் நூலாகவும் எழுதினார்.

தொழிலாளரும் முதலாளியும் உடன்படிக்கை செய்துகொள்வது உலக வழக்கம். சுவருக்கு அப்பால் பஸ் நிலையத்திலேயே அதைக் காணலாம். டிரைவர், கண்டக்டர்களின் எதிர்த்தரப்பு அரசாங்கப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன். சம்பளம் தாமதமாவதைக் கண்டித்து 2022 மே மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடல் கடந்த நாடுகளிலும் கதை வேறன்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை அறிவார்கள். அங்கே ஆட்டக்காரர் சங்கத்தோடு இருந்த உடன்படிக்கை முடிந்ததும் 2004 செப்டம்பரில் அணிகளின் உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தனர். வருமானத்தில் ஆட்டக்காரரின் பங்கு எவ்வளவு, சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டா என்பதே வழக்கு. சமரசம் ஏற்படவில்லை, 2005 பிப்ரவரியில் அந்தப் பருவம் முழுவதுமே ரத்தாயிற்று. ஜூலையில் ஏற்பட்ட உடன்படிக்கையில் ஓர் அணியின் சம்பளத்துக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் வரம்பு விதிக்கப்பட்டது. 2012இல் மீண்டும் கதவடைப்பு. 2013இல் வருமானம் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. பெரும் பொருள் ஈட்டும் வீரரேயாயினும், ஆடுகளத்தின் சாவி பிறர் கையில் இருந்தால் காத்திருக்கவே நேர்கிறது!

காப்பித் தொழிலாளருக்கோ அந்தக் காத்திருப்பும் பயன் தந்திராது. போர்டு அவர்களோடு பேரம் பேசவில்லை, கடையையே கைவிட்டது. முதலாளியே விலகிய பின் உடன்படிக்கை யாரோடு? ஆகவே சாவியைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்.

அத்துடன் தொல்லை ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. கூட்டுறவில் பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவரும் உறுப்பினரே, அக்குழுவின் கட்டளைக்கு அடங்குபவரும் அவரே. சம்பளத்தை உயர்த்தினால் காப்பியின் விலை ஏறும். விலையை ஏற்றினால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழை உள்ளே வரமாட்டான். லாபம் வந்தால் பகிரலாம். நஷ்டத்தை யார் தலையில் சுமத்துவது? 2020இல் தொற்றுநோயின் காரணமாக உணவகங்கள் மூடிக்கிடந்த காலத்தில், குறை சொல்லுவதற்குக்கூட வேறொரு முதலாளி இவர்களுக்கு இருக்கவில்லை. பிறரோடு செய்யும் உடன்படிக்கையைக் காட்டிலும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை கடினமானது. அதைக் கட்டிக்காத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருவது சாமானியச் செயல் அன்று.

பிழைப்பை நாடிப் பிற தேசம் சென்ற நம் குடும்பங்களுக்கு இதில் சிந்திக்க இடமுண்டு. எங்கே வேலை செய்தாலும், ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தல் போதாது. கதவைச் சாத்தும் உரிமை யாருக்கு, சாத்தினால் நமக்கு என்ன மிஞ்சும் என்பதையும் படித்தறிந்தே கையொப்பமிட வேண்டும்.

தாயகம் வரும் அன்பர்கள் தம்பானூரில் ரயிலுக்கோ நாகர்கோவில் பஸ்ஸுக்கோ அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இந்தச் சுழல்கட்டிடத்தில் ஏறி வாருங்கள். சரிவில் ஓடி விளையாட அவர்களுக்கு ஆசை எழும். சூடான தட்டுகளோடு வருபவர் மீது மோதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில், வருபவர் அந்தக் கடையின் முதலாளி!